வேலியோரத்து ஈரம்

வீட்டில் அவளுக்குத் துருவி என்று பேர். எதையும் துருவித் துருவிக் கேட்காமல் விடமாட்டாள். அண்ணனும் அவளும் மிளகாய் போட்டிருந்த தோட்டத்தில், மண்ணின் ஈரத்தை அளக்க ஆறு சென்சார்களை நட்டதும் அவள்தான். எங்கே காய்ந்திருக்கிறது என்று போன் காட்டும். அங்கே மட்டும் தண்ணீர் விட்டால் போதும்.

ஐந்து சென்சார்கள் ஒழுங்காக இருந்தன. வேலியோரத்து நாலாம் நம்பர் மட்டும் தினமும் மதியம் இரண்டு மணிக்கு மேல், யாரும் தண்ணீர் விடாமலே ஈரம் கூடுவதாகக் காட்டியது. மெஷினுக்கு மூளை குழம்பிவிட்டது என்றான் அண்ணன். துருவி நாலையும் இரண்டையும் இடம் மாற்றி நட்டாள். மறுநாளும் அதே மூலையில்தான் போனில் ஈரக் கோடு ஏறியது. அப்படியென்றால் கோளாறு கருவியில் இல்லை. அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த நாள் இரண்டு மணிக்குக் குடையோடு போய் அங்கேயே உட்கார்ந்தாள். மேல்மண்ணில் ஒரு சொட்டு ஈரமில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மோட்டார் ஓடத் தொடங்கியது. பத்து நிமிடத்தில் போனில் கோடு மெல்லத் தலை தூக்கியது.

அந்த மோட்டார், லாரியை விட்டு விவசாயத்துக்கு வந்த டிரைவருடையது. தன் தோட்டத்துக் கடைசி வரிசைச் செடிகளுக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை, நடுவில் யாரோ திருடுகிறார்கள் என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரோ என்றது அண்ணனைத்தான். இருவருக்கும் முகங்கொடுத்துப் பேச்சில்லை. அவர் தண்ணீர் நம் மண்ணில் ஊறுகிறது என்று இப்போது போய்ச் சொன்னால், திருட்டை நாமே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று அண்ணன் தடுத்தான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனாலும் அவளுக்குக் கால் தரிக்கவில்லை; போனோடு அவரைத் தேடிப் போனாள்.

டிரைவர் போனை வாங்கி, கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

“திங்கக்கிழமை மட்டும் கோடு படுத்துக் கிடக்கே?”

“அதைக் கேக்கத்தான் வந்தேன் மாமா. அன்னைக்கு மோட்டார் போட்டீங்களா?”

அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். “இல்ல. அன்னைக்கு ஃபியூஸ் போயிருச்சு.”

மண்வெட்டியை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். மூன்றடி தோண்டியதும் சேறு. அதற்குள் வேலியை ஒட்டி ஓடிய அவருடைய பழைய குழாய், ஒரு வேர் நெருக்கியதில் விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்து கிடந்தது. யாரும் கூப்பிடாமலே அண்ணன் ரம்பமும் புதுக்குழாய்த் துண்டும் கொண்டுவந்து குழிக்குள் இறங்கினான்.

“உன்னைத் தப்பா நெனச்சுட்டேன் தம்பி” என்றார் டிரைவர்.

குழாயை இறுக்கிப் பிடிக்கச் சொன்னான் அண்ணன்.

மறுநாள் இரண்டு மணிக்குக் கோடு ஏறவில்லை. ஓசித் தண்ணீரில் சொகுசாக வளர்ந்த மூலை மிளகாய்ச் செடிகள் சாயங்காலமே துவண்டுவிட்டன. அவற்றுக்குச் சொட்டுநீர்க் குழாய் இழுக்க வேண்டியதாயிற்று. துருவி அந்த வேலையில் இருந்தபோது டிரைவர் வேலியருகே வந்து நின்றார்.

“என் தோட்டத்துலயும் ஒரு இடம் இருக்கு. என்ன போட்டாலும் மஞ்சளாயிடுது. ஏன்னு இது சொல்லுமா?”

தெரியவில்லை என்றாள் அவள். இரண்டு சென்சார்களைப் பிடுங்கி, மண்ணைத் துடைத்துக்கொண்டு, வேலியைச் சுற்றி அந்தப் பக்கம் நடந்தாள்.