லுவான் வேலைக்குத் திரும்பியது

தெற்கே குவாங் திரிப் போர்முனையில் அமெரிக்க விமானம் போட்ட குண்டில் செத்த மூன்றாம் மாதம், லுவான் உப்பளத்து வேலைக்குத் திரும்பினான். ஆளைக் காணவில்லை. விடியலில் மணி அடித்ததும் மணலில் காலடிகள் விழுந்தன. பலகை தானாக நகர்ந்து உப்பைக் கூட்டியது. வலது சுண்டுவிரல் இல்லாத அந்தத் தடத்தை அவன் மனைவி தோவா கண்டதுமே அறிந்தாள். தாய்பின் கடற்கரை உப்பளங்களில் அந்த ஆண்டு விளைச்சல் மோசமில்லை.

"உசிரோட இருந்தப்ப ஒம் புருசனுக்கு இந்தச் சுறுசுறுப்பு இல்லையேடி!" என்றாள் பக்கத்துப் பாத்திக்காரி. தோவாவும் சிரித்தாள். செத்த நாள் தெரியாததால், அவன் வீட்டைவிட்டுப் போன நாளில் ஊதுவத்தி கொளுத்தி, சோறும் நண்டுச்சாறும் வைத்துக் காத்திருந்தாள். காலடிகள் வாசலைத் தாண்டி அளத்துக்குப் போயின. அவள் குரல் அவனுக்குக் கேட்கவில்லை. மணி மட்டும் கேட்டது.

செத்தவன் இரண்டு ஆள் வேலை செய்கிறான் என்பது மாவட்டம்வரை எட்டியது. அதுவரை, உப்புச் சுமக்க வேறு ஆளில்லை என்று சொல்லித்தான் அவன் தம்பி கியெமைப் படைக்கு அனுப்பாமல் வைத்திருந்தார்கள்.

"ஒரு வீட்டுக்கு ஒரு சாவு போதாதா, தலைவரே?" என்று கேட்டாள் தோவா.

கூட்டுறவுத் தலைவர் தலையைச் சொறிந்தார். "நான் என்னம்மா பண்ணுவேன்? அதான் ஆளு இருக்கேன்னு மாவட்டத்துல சொல்றாங்க. ஒம் புருசன் ஒரு வாரம் சும்மா கெடந்தான்னா, ஆளில்லைன்னு எழுதிப் போட்டுருவேன்."

தோவா தடங்களுக்கு முன்னால் விழுந்து மறித்தாள். "யோவ், போதும்யா! நீ இப்படி மாடா ஒழைச்சா ஒந் தம்பியக் கொண்டுபோயிருவாங்க. ஒரு வாரம் படுத்துக் கெடய்யா!" காலடிகள் அவளைச் சுற்றிக்கொண்டு போயின. பலகையை ஒளித்தாள், உப்பு கையால் கூட்டப்பட்டது. மணியைக் கழற்றிக் குளத்தில் போட்டாள். மறுநாள் அளத்தில் ஒரு தடமும் விழவில்லை. மதியம், மற்றவர்களுக்கும் நேரம் தெரிய வேண்டுமே என்று, தலைவர் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு அடித்தார்; காலடிகள் மறுபடி விழுந்தன.

"அண்ணன்மேல கோவிச்சுக்காதீங்க, அண்ணி," என்றான் கியெம், படைக்குப் புறப்படும்போது. "அவருக்கு வேலையத் தவிர என்ன தெரியும்?"

மழைக்காலம் முடிந்து அளம் திறந்த முதல் நாள், மணலில் இரண்டு சோடிக் காலடிகள் விழுந்தன. கியெமைப் பற்றிய அரசாங்கக் கடிதம் வர மேலும் நான்கு மாதமாயிற்று. தலைவர் அன்றே இன்னொரு பலகையைக் கொண்டுவந்து வரப்பில் வைத்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தோவா முகத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவர்களோடு இறங்கினாள்.