சிராஜ் நல்ல ஸ்டாப்பரா?

அந்த வருஷம் மாவட்டக் கால்பந்து லீக்கில் முதல் ஆறு ஆட்டங்களில் மில் டீம் பதினான்கு கோல் வாங்கியது. இரண்டு வருஷத்துக்கு முன்பு, 2005இல், சீசன் முழுக்க வாங்கியதே நான்கு கோல்தான். அப்போதும் இப்போதும் கோலிக்கு முன்னால் நின்று மறித்த ஸ்டாப்பர் ஒரே ஆள், பழவேற்காட்டு சிராஜ். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் டீக்கடையிலும் கேன்டீனிலும் வேறு பேச்சே இல்லாமல் போனது. சிராஜுக்கு ஆட்டம் போய்விட்டதா, இல்லை முதலிலிருந்தே அவனிடம் ஆட்டம் கிடையாதா? சும்மா பேர் வாங்கிக்கொண்டு திரிந்தவனா?

இந்தக் கேள்வியைப் பலரும் கடைசியில் கொண்டுவந்து நிறுத்தியது மில் கேட்டில் உட்கார்ந்திருந்த கலியனிடம்தான். 2005இல் சிராஜுக்குப் பக்கத்தில் நின்ற இன்னொரு ஸ்டாப்பர் கலியன். ஆரணிப் பக்கத்து நெல் விளையும் ஊரிலிருந்து வந்தவன், சிராஜைவிட ஐந்து வயது மூத்தவன். வேகம் குறைவு. ஆனால் பந்து எங்கே வரப்போகிறது என்று அவனுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். ஆட்டம் முழுக்க வாய் ஓயாது. சிராஜு வலது, சிராஜு பின்னாடி, சிராஜு வுடு, சிராஜு எகிறு. சிராஜ் எகிறுவான். தன்னைவிட ஒரு அடி உயரமானவன் தலைக்கு மேலும் அவன் நெற்றி போய்விடும்.

இரண்டு பேருமே மைதானத்துக்கு வெளியே, இரும்புக் கம்பி செய்யும் ரோலிங் மில்லில் ஒப்பந்தத் தொழிலாளர்கள். 2006 பங்குனியில் ஒரு பகல் ஷிஃப்டில், ரோலிலிருந்து தடம் மாறித் துள்ளிய சிவந்த கம்பி கலியனின் இடது காலைச் சுற்றிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ரப்பர் கால் பொருத்தி, கேட்டில் பாஸ் பார்க்கும் வேலை கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் இருந்தபோது சிராஜ் இரண்டு தடவை வந்து தலைமாட்டில் உட்கார்ந்து அழுதான். கலியன் வேலைக்குத் திரும்பிய பிறகோ, சிராஜின் போக்கு மாறியிருந்தது. காலையில் கேட்டைத் தாண்டும்போது பாஸை நீட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான். ஒருமுறை கலியன் மூன்று தடவை கூப்பிட்டான். பக்கத்திலிருந்த செக்யூரிட்டி சிரித்துவிட்டான். அதற்குப் பிறகு கலியன் கூப்பிடவில்லை.

இதோடு பழைய மனத்தாங்கல் ஒன்றும் இருந்தது. 2005இல் லீக் கோப்பையை வென்ற மறுநாள் பேப்பரில் போட்டோ வந்தது. சிராஜ் மட்டும் தனியாக நிற்கும் போட்டோ. மில் டீமின் அரண் என்று அடியில் போட்டிருந்தார்கள். கலியன் பெயர் அந்தச் செய்தியில் எங்கேயும் இல்லை. அப்போது அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கால் போன பிறகு அந்தப் பேப்பர் அடிக்கடி ஞாபகம் வந்தது.

ஏழாவது ஆட்டம் மில் மைதானத்திலேயே நடந்தது. கலியன் கோலுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். ஆட்டம் முடியப் பத்து நிமிஷம், இரண்டு பக்கமும் கோல் இல்லை. எதிர் டீம் தூக்கிப் போட்ட சாதாரணப் பந்து அது. கோலியும் கேப்டனுமான அன்புசெல்வன், வுடு, என் பால், என்று கத்திக்கொண்டே முன்னால் ஓடி வந்தான். அந்தச் சத்தம் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். சிராஜ் விடவில்லை. எகிறித் தலையால் முட்டினான். பந்து அன்புசெல்வனைத் தாண்டித் தன் கோலுக்குள்ளேயே போய் விழுந்தது. மில் ஆட்களே எழுந்து நின்று கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். யாரோ தண்ணீர் பாட்டிலை வீசினார்கள். சிராஜ் அன்புசெல்வனின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுவாரம் பர்சனல் ஆபீசில் கூட்டம். விளையாட்டுக்காக வேலைக்கு எடுத்தவர்களில் யார் ஒப்பந்தத்தை நீட்டிப்பது என்று வருஷா வருஷம் முடிவு செய்வது பர்சனல் ஆபீசர் ஆதிநாராயணன். கோச் வரதன் சிராஜுக்காக வெகுநேரம் வாதாடினார். இருபத்தாறு வயதில் ஒருத்தனுக்கு ஆட்டம் எங்கே போய்விடும், பக்கத்தில் நிற்பவர்கள் சரியில்லை, ஒரு சீசன் பார்க்கலாம் என்றார். அன்புசெல்வன் ஒத்துக்கொள்ளவில்லை. தான் பின்னால் நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் அவன் மதிப்பதே இல்லை, பழைய பேரை வைத்துக்கொண்டு திமிராக ஆடுகிறான் என்றான். வரதன் 2005 சீசன் பேச்சை எடுத்தார். அந்த வருஷம் ஆடினது கலியன்தான், இவன் கூட நின்றான், அவ்வளவுதான் என்று அன்புசெல்வன் சொன்னான். இப்படியே சுற்றிச் சுற்றி வந்ததில் ஆதிநாராயணன் சலித்துப்போய்க் கேட்டிலிருந்து கலியனை வரச் சொன்னார்.

கலியன் உள்ளே வந்ததும் அவனை உட்காரச் சொல்லிவிட்டு நேரடியாகக் கேட்டார்.

"நீ பக்கத்துல நின்னு ஆடினவன். நீ சொல்லுப்பா. அவன் நெஜமாவே நல்ல ஸ்டாப்பரா, இல்ல நாமதான் தூக்கி வச்சிக்கினு ஆடறமா?"

கலியனுக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது கேட்டில் திரும்பாமல் போன முதுகுதான் கண் முன்னால் நின்றது.

"நான் சொன்னத செஞ்சான் சார். போடான்னா போவான், நில்றான்னா நிப்பான்."

"அப்ப ஆடினது நீதான்."

கலியன் மேஜையைப் பார்த்தபடி, "அப்டிதான் வச்சிக்கோங்க," என்றான்.

வரதன் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஃபைலை மூடினார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு சிராஜ் சாமான்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு கேட்டுக்கு வந்தான். வேலை நின்றவர்கள் பாஸை ஒப்படைக்க வேண்டிய இடம் கலியனின் மேஜை. வெளியே கம்பி ஏற்றிய லாரிகள் வரிசையாக உறுமிக்கொண்டிருந்தன. சிராஜ் பாஸை வைத்தான். கலியன் தலையைக் குனிந்து ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டே, என்மேல் கோபமா என்று கேட்டான்.

"ஆச்சிண்ணா. ஊட்லியே நாஷ்டா முடிச்சிட்டுதான் வந்தேன்," என்றான் சிராஜ்.

கலியன் நிமிர்ந்து பார்த்தான். சிராஜின் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு லாரிகளுக்கு நடுவே நடந்து போய்விட்டான். கேலி செய்துவிட்டுப் போகிறான் என்றே கலியன் நினைத்தான். ஆனால் அன்று முழுக்க அந்தப் பதில் அவனை விடவில்லை. கேலி செய்கிறவன் அப்படியா சொல்வான்? ஒரு வாரம் அதையே புரட்டிக்கொண்டிருந்தான். அடுத்த வெள்ளிக்கிழமை அவனுக்கு வார விடுமுறை. பொன்னேரி போய்ப் பழவேற்காட்டு பஸ் ஏறினான்.

சிராஜ் வீட்டில் அவன் மனைவி சாயிரா பானு இருந்தாள். கலியனை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். வேலை போனதைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை. அவர் மொஹசின் அண்ணனுடைய இறால் ஷெட்டில் இருக்கிறார் என்று மட்டும் சொல்லி வழி காட்டினாள்.

ஏரிக்கரையில் தகரக்கூரை போட்ட ஷெட். உள்ளே ஐந்தாறு பேர் ஐஸ் கட்டியை உடைத்து இறால் பெட்டிகளில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். சிராஜ் முதுகைக் காட்டிக்கொண்டு கட்டையால் ஐஸை அடித்துக்கொண்டிருந்தான். கலியன் வாசலில் நின்று கூப்பிட்டான். அவன் திரும்பவில்லை. கிட்டே போய் உரக்கக் கூப்பிட்டான். மற்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தான். தராசுப் பக்கம் நின்ற மொஹசின், தொடுங்க, என்பதுபோல் தன் தோளைத் தானே தட்டிக் காட்டினான்.

கலியன் கையை நீட்டி அந்தத் தோளைத் தொட்டான்.

வெளியே கவிழ்த்துப் போட்டிருந்த படகு மேல் இருவரும் உட்கார்ந்தார்கள். சிராஜ் எழுந்து இடம் மாறிக் கலியனைத் தன் இடப்பக்கம் உட்காரவைத்தான். பிறகு தானாகவே சொன்னான். ஒன்றரை வருஷமாகவே இப்படித்தான். வலது காது சுத்தமாக இல்லை. இடது காதில் எல்லாம் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் வருகிறது. பொன்னேரியில் ஒரு டாக்டர் மிஷின் வைத்துப் பார்த்துவிட்டு, மில் சத்தம், இனி திரும்பாது என்று சொல்லிவிட்டார்.

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கலியன் கேட்டான். இரண்டாவது முறை கேட்டபோதுதான் சிராஜுக்குப் புரிந்தது.

"காது கேக்கலன்னு தெரிஞ்சா அன்னிக்கே கேட்டுக்கு வெளிய வுட்ருப்பாங்கணா. கிரவுண்ட்ல நீ இருந்த வரைக்கும் ஒன் கொரல வச்சிதான் ஆடினேன். அப்புறம் கண்ண வச்சி ஆடிப் பாத்தேன். பின்னாடி வர்றது கண்ணுக்கு எப்டித் தெரியும்?"

கலியனுக்குக் கேட்டில் மூன்று தடவை கூப்பிட்டதும், செக்யூரிட்டி சிரித்ததும், அன்புசெல்வன் கத்திக்கொண்டு ஓடி வந்ததும், கோபமா என்று கேட்டதற்கு நாஷ்டா ஆச்சு என்று பதில் வந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. இவன் காதை நம்பி ஆடுகிறவன் என்பது உலகத்தில் தனக்கு மட்டுமே தெரியும். தனக்கே தோன்றாமல் போயிற்றே என்று இருந்தது.

பர்சனல் ஆபீசில் தான் சொன்னதை அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான். மெல்லச் சொன்னான். சிராஜ் புருவத்தைச் சுருக்கிக் காதைக் கிட்டே கொண்டுவந்தான். கலியன் உரக்கச் சொன்னான். அப்போதும் பாதிதான் போய்ச் சேர்ந்தது. மூன்றாம் முறை கத்தியே சொல்ல வேண்டியிருந்தது.

"ஆடினதெல்லாம் நான்தான்னு சொல்லிட்டேன்டா. ஒன்ன வெளிய அனுப்பினது நான்தான்."

ஷெட்டுக்குள் ஐஸ் உடைக்கும் சத்தம் நின்றது. உள்ளே இருந்த அத்தனை பேரும் கேட்டுவிட்டார்கள் என்று கலியனுக்குத் தெரிந்தது.

சிராஜ் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஐஸில் வெடித்து, விரல் நுனிகளில் சிவப்புக் கோடுகள் ஓடியிருந்தன.

"கேட்டுச்சிணா," என்றான். "பொய் ஒண்ணும் சொல்லலியே நீ."

பொய்தான் என்றான் கலியன். பந்து வருவதைப் பார்க்கத்தான் தனக்குத் தெரியும், போய் எட்டியது யார், எத்தனை முறை தான் தப்பாகக் கூப்பிட்டும் அவனே ஓடிச் சரிசெய்தான், திருவள்ளூர் ஆட்டத்தில் மூக்கு உடைந்து ரத்தத்தோடு நின்றது யார் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனான். சிராஜ் தலையை ஆட்டினான். எது அவன் காதில் விழுந்தது, எதற்குச் சும்மா ஆட்டினான் என்று கலியனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

எழும்போது சிராஜ் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டான். பொன்னேரிப் பக்கம் புதிதாக வரும் ஒரு கம்பெனிக்கு ஆள் எடுக்கப்போகிறார்களாம். மனு போட்டிருக்கிறான். காது விஷயம் வெளியே தெரிந்தால் அதுவும் போய்விடும். கலியன் யாரிடமும் சொல்வதில்லை என்று கையடித்துக் கொடுத்தான்.

திங்கட்கிழமை ஷிஃப்ட் தொடங்குமுன் அவன் ஆதிநாராயணன் முன்னால் போய் நின்றான். அன்றைக்குச் சொன்னது வயிற்றெரிச்சலில் சொன்னது, தான் பார்த்ததில் சிராஜைப் போல ஸ்டாப்பர் இந்த மாவட்டத்தில் இல்லை, தயவுசெய்து அவனைத் திரும்ப எடுங்கள் என்றான். ஆதிநாராயணன் கெட்டவரில்லை. முழுக்கக் கேட்டார். அப்படியானால் இந்த வருஷம் ஏன் இப்படி ஆடினான், அதற்குக் காரணம் சொல் என்றார். கலியன் வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினான். காரணம் தெரியாது சார் என்றான்.

"கூட்டாளிக்காகப் பேசற. புரியுது. அந்த எடத்துக்கு மெட்ராஸ்லேர்ந்து ஆள் எடுத்தாச்சிப்பா. போய் வேலையப் பாரு."

புது ஸ்டாப்பர் வந்த பிறகு மிச்சமிருந்த ஆட்டங்களில் மில் டீம் வாங்கியது மூன்றே கோல். அதோடு தொழிற்பேட்டையில் அந்த விவாதம் தீர்ந்துபோனது. சிராஜ் ஒன்றுமே இல்லை, வெறும் பேர்தான், பக்கத்தில் நின்ற கலியனே ஆபீசில் சொல்லிவிட்டான் என்று பேசிக்கொண்டார்கள். கேன்டீனில் ஒருநாள் இதைக் கேட்ட கலியன் தட்டைத் தள்ளிவிட்டு, நான் சொன்னது பொய், அவன் நல்ல ஸ்டாப்பர் என்றான். கேட்டவர்கள் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். உனக்கு நல்ல மனசு என்று ஒருவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

பொன்னேரிப் பக்கத்துக் கம்பெனி சிராஜை மெடிக்கலுக்குக் கூப்பிட்டது. ஒரு கண்ணாடி அறையில் உட்காரவைத்து, இரண்டு காதிலும் ஹெட்ஃபோன் மாட்டிவிட்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொன்னார்களாம். எப்போது தூக்குவது என்று தெரியாமல் மனதுக்குள் எண்ணி எண்ணித் தூக்கினானாம். வெளியே வந்ததும் வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அந்த ரம்ஜான் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கலியன் மறுபடி பழவேற்காடு போனான். நோன்பு திறக்கும் வரை இருந்து கஞ்சி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று சாயிரா பானு பிடிவாதமாகச் சொன்னாள். சாயங்காலம் பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். மொஹசினும் வந்திருந்தான். பள்ளிவாசல் அடுத்த தெருவில்தான். நோன்பு திறக்கச் சொல்லும் பாங்கு சத்தம் ஜன்னல் கம்பியை அதிரவைத்துக்கொண்டு உள்ளே வந்தது. சாயிராவின் கையும் மொஹசினின் கையும் பேரீச்சம்பழத் தட்டுக்குப் போயின. சிராஜ் அந்தக் கைகளைப் பார்த்தான். அதன் பிறகே அவன் கை நீண்டது.