பச்சை உடம்புக்காரிக்குக் கொடுத்த மாத்திரை

தையல் மெஷினை மிதித்துக்கொண்டே வைத்தியமும் பார்க்கிறவள் அந்த வீதியில் தையல்காரம்மா ஒருத்திதான். அன்று காலையிலும் பள்ளிக்கூடச் சட்டை ஒன்றுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தபோது, எதிர்க்கடைப் பழக்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எந்தப் பக்கம்?"

"கடவாய்ப் பல்லும்மா. ராத்திரி பூரா தூக்கமில்ல."

மெஷினை நிறுத்திவிட்டு, நூல்கண்டுகளுக்குப் பின்னால் இருந்த பிஸ்கட் டப்பாவை எடுத்தாள். யார் யாருக்கோ எப்போதோ எழுதிக்கொடுத்து, மீந்துபோன மாத்திரைகளெல்லாம் அதற்குள் குடியிருந்தன. ஒன்றைக் கத்தரித்து நீட்டினாள். "சாப்பிட்டுட்டுப் போடுங்க. வெறும் வயித்துல போட்டுட்டு, வயிறு எரியுதுன்னு எங்கிட்டயே வந்து நிக்காதீங்க."

வீதியில் அவளுக்குப் 'பெரிய டாக்டர்' என்று பெயர். கேலியாக வைத்த பெயர்தான். ஆனாலும் கேட்கும்போது அவளுக்கு உள்ளூர இனிக்கும். அம்மா போன பிறகு கைப்பிள்ளையாக இருந்த தம்பியை வளர்த்து ஆளாக்கியவள் அவள். அவனுக்குக் காய்ச்சல் வந்தபோதும், அம்மை போட்டபோதும், கை ஒடிந்தபோதும் பக்கத்தில் உட்கார்ந்து கண் விழித்தவள். அந்தப் பிள்ளை இன்று பெரிய லாரி ஓட்டுகிறான். வைத்தியம் தெரியும் என்ற தைரியம் அவளுக்கு அங்கிருந்து வந்தது. இதுவரை அவள் கொடுத்த மாத்திரையால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்பதும் உண்மை. ஆகாதவரை எல்லாம் சரிதானே.

கடைக்கு மேலேதான் வீடு. அங்கே தம்பியின் மனைவி படுத்திருந்தாள். அவள் பஸ் கண்டக்டர். வீட்டிலும் எல்லோருக்கும் அவள் 'கண்டக்டர்'தான். பின்வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தால் முன்னால் இருக்கிற டிரைவர் தானாகவே பிரேக்கை மிதிப்பார். அப்பேர்ப்பட்டவள் இப்போது ஆபரேஷன் செய்து பெண் குழந்தை பெற்று, ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு வாரம்கூட ஆகாமல், எழுந்து உட்காரவே சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நாத்தனார் என்றால் நாலு வார்த்தை குத்திப் பேசுவாள் என்பார்கள். தையல்காரம்மா அந்த ரகம் இல்லை. கடையைப் பாதி நாள் மூடிவிட்டு, சமையல், துணி துவைப்பது, குழந்தையைக் குளிப்பாட்டுவது என்று எல்லாவற்றையும் தலைமேல் போட்டுக்கொண்டாள். கூடவே வைத்தியத்தையும் போட்டுக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய வலி மாத்திரைகளை வந்த மறுநாளே எடுத்து அலமாரிக்கு மேலே வைத்துவிட்டாள்.

"வேளாவேளைக்கு மாத்திரையா? நீ முழுங்கறதெல்லாம் பால்ல இறங்கும். நாமதான் கொஞ்சம் பல்லக் கடிச்சிட்டு இருக்கணும். தாய்னா சும்மாவா?"

"அங்க நர்ஸ் போடலாம்னுதான் சொன்னாங்க அண்ணி."

"அவங்களுக்கு என்ன, சொல்லிட்டுப் போயிடுவாங்க. புள்ள நம்ம புள்ள."

அண்ணிக்குத் தெரியாததா என்று கண்டக்டர் பல்லைக் கடித்தாள். வலி தெரியாமல் இருக்கப் பல்லைக் கடிக்கலாம்; பல்லைக் கடித்துக்கொண்டு பால் கொடுக்க முடியாது. குழந்தையை மடியில் வைத்தால் தையல் போட்ட இடம் சுண்டி இழுத்தது. தோள் இரண்டும் காதுவரை ஏறி நின்றன. உடம்பு கட்டையாக இறுகியதில் பாலும் சரியாக இறங்கவில்லை. குழந்தை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு வீறிட்டது. தாயும் சத்தமில்லாமல் அழுதாள்.

அந்த அழுகையைத் தையல்காரம்மாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. முழங்காலில் ஆபரேஷன் செய்துகொண்டபோது தனக்கு எழுதிக்கொடுத்த மாத்திரை அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது. ஒன்று போட்டால் போதும், வலி போன இடம் தெரியாது. தினமும் மூன்று நான்கு சாதா மாத்திரை போடுவதைவிட, வீரியமான மாத்திரை ஒன்றோ இரண்டோ போட்டால் பாலில் இறங்குவதும் குறைவாகத்தானே இருக்கும்? கணக்குச் சரியாகத்தான் பட்டது. கைப்பையில் கிடந்த அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கிக் கொடுத்தாள். அட்டையைக் காட்டவில்லை. காட்ட வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

"என்ன மாத்திரை அண்ணி?"

"வலி மாத்திரைதான். போடு."

நினைத்தது போலவே வலி பறந்தது. அன்று மாலை கண்டக்டர் சிரித்தாள். சாய்ந்து உட்கார்ந்து நிதானமாகப் பால் கொடுத்தாள். மறுநாளும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. குழந்தையும் அடித்துப்போட்டது போலத் தூங்கியது. லாரியை நிறுத்திவிட்டு வந்த தம்பி தொட்டிலை எட்டிப் பார்த்து, "என்னக்கா, சத்தமே காணோம்?" என்றான்.

"தாய் நிம்மதியா இருந்தா புள்ளையும் நிம்மதியா இருக்கும்டா" என்றாள் தையல்காரம்மா. அவள் குரலில் பெருமை வழிந்தது.

அடுத்த நாள் முற்பகல், பால் கொடுக்க எழுப்பியபோது குழந்தை எழவில்லை. காது மடலை வருடினார்கள். உள்ளங்காலைச் சுண்டினார்கள். லேசாக முகம் சுளித்துவிட்டு மறுபடியும் துவண்டது. வாயில் வைத்த காம்பு வாயிலேயே இருந்தது, உறிஞ்சவில்லை.

"பச்சப்புள்ள தூங்காம என்ன செய்யும்? கொஞ்சம் விட்டுப் பிடி" என்றாள் தையல்காரம்மா.

கண்டக்டர் குழந்தையின் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். வருஷக்கணக்காகப் பஸ்ஸில் ஆயிரம் பேரைப் பார்த்தவள். ஜன்னலோரம் தூங்குகிறவன் யார், மயங்கிக் கிடக்கிறவன் யார் என்று அவளுக்குப் பார்த்தாலே தெரியும். மூச்சு ஒன்று வந்தது. அடுத்தது வர நேரமானது.

"இது தூக்கம் இல்ல அண்ணி. கெளம்புங்க."

குரல் உயரவில்லை. ஆனால் அது பஸ்ஸை நிறுத்தும் குரல். தையல் போட்ட வயிற்றை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, யார் கையையும் எதிர்பார்க்காமல் அவள் படியிறங்கினாள். தையல்காரம்மா கைப்பையை மாட்டிக்கொண்டு, குழந்தையை ஏந்திக்கொண்டு பின்னால் ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் குழந்தையைப் பார்த்ததும் நர்ஸ் கேள்வி கேட்காமல் உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். குழந்தை மருத்துவர் நடுவயதுப் பெண்மணி. குழந்தையின் கண்மணியில் வெளிச்சம் அடித்துப் பார்த்தபடியே கேட்டார். "காய்ச்சல் இருந்துச்சா? எங்கயாவது விழுந்துச்சா? அம்மா ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?"

"வலி மாத்திரை போட்டேன்" என்றாள் கண்டக்டர்.

"எது? இங்க குடுத்ததா?"

அதற்குள் தகவல் கேட்டு ஓடி வந்திருந்த தம்பி, "ஆமா டாக்டர், இங்க குடுத்தனுப்பினதுதான்" என்றான். அவனுக்கு அப்படித்தான் தெரியும். அலமாரிக்கு மேலே இருந்ததைத்தான் அண்ணி எடுத்துக் கொடுத்தாள் என்று கண்டக்டரும் நினைத்திருந்தாள்.

மருத்துவர் தலையாட்டினார். "அதுனால இப்படி ஆகாது. அப்ப கிருமித் தொற்றான்னு பார்க்கணும். ரத்தம் எடுக்கணும், முதுகுத்தண்டுல ஊசி போட்டு நீர் எடுக்கணும்." நர்ஸிடம் திரும்பி என்னென்னவோ சொல்ல ஆரம்பித்தார்.

தையல்காரம்மா கதவோரம் நின்றிருந்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒருவேளை கிருமிதானோ என்னவோ. தான் கொடுத்த ஒன்றிரண்டு மாத்திரைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையோ என்னவோ. சொல்லிவிட்டால், வளர்த்த தம்பி இனி முகம் கொடுத்துப் பேசுவானா? கட்டிக் காத்த பேர் என்ன ஆகும்? உள்ளே அந்தச் சின்ன மார்பு எழுவதா வேண்டாமா என்று யோசித்து யோசித்து எழுந்தது.

அவள் முன்னால் வந்தாள்.

"இல்ல டாக்டர். என் தம்பிக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி மாத்திரைய நான் நிறுத்திட்டேன். இது நான் குடுத்தது. எனக்கு முழங்கால் ஆபரேஷனுக்குக் குடுத்தது." கைப்பையைக் கவிழ்த்து அட்டையை எடுத்தாள். "முந்தாநாள்லேர்ந்து காலையில ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு. கடைசியா இன்னிக்குக் காலையில."

மருத்துவர் அட்டையைத் திருப்பிப் படித்தார். "கோடீன் கலந்தது" என்றார் நர்ஸிடம். பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். மூச்சைக் கவனிக்கும் கருவி மாட்டினார்கள். மருந்தின் வேகத்தை முறிக்கும் ஊசி ஒன்று போட்டார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழந்தை முகம் சிவந்து, காலை உதைத்து, ஒரு சின்ன அழுகை அழுதது. அதைக் கேட்ட பிறகுதான் கண்டக்டருக்குத் தன் வயிற்றில் தையல் இருப்பது நினைவுக்கு வந்தது; நாற்காலியில் உட்கார்ந்தாள்.

தம்பி அக்காவைப் பார்த்த பார்வையில் நெருப்பு இருந்தது. "உன்ன யாருக்கா டாக்டர் வேலை பார்க்கச் சொன்னது?"

அவள் தலைகுனிந்து நின்றாள்.

கண்டக்டர்தான் கணவனிடம் பேசினாள். "குடுத்தது தப்புதான். எனக்கும் கோவம் இருக்கு. ஆனா நீங்களும் தெரியாமத்தான தப்பாச் சொன்னீங்க, நானும் அதுதான்னு நம்பிட்டுத்தான இருந்தேன்? அவங்க மட்டும் சும்மா நின்னிருந்தா, இந்நேரம் பிஞ்சு முதுகுல ஊசி குத்திட்டு இருப்பாங்க. தன் பேரு கெட்டாலும் பரவாயில்லன்னு வாயத் தொறக்க எத்தனை பேருக்கு வரும்?"

இரண்டு நாள் குழந்தையை அங்கேயே வைத்துப் பார்த்தார்கள். தாயின் உடம்பிலிருந்து அந்த மருந்து போகும்வரை பாலைப் பீய்ச்சி வெளியே விடச் சொன்னார்கள். பிறகு தாராளமாகக் கொடுக்கலாம் என்றார் மருத்துவர். இந்த முறை வலிக்குப் பாரசிட்டமால் எழுதிக்கொடுத்தார். வயிற்றுப்புண், ஆஸ்துமா உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, தேவைப்பட்டால் போட இபுப்ரோஃபெனும் சேர்த்தார்.

"இதுவும் பால்ல இறங்காதா டாக்டர்?" என்று தையல்காரம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"இறங்கும். ஆனா துளியூண்டு. சொன்ன அளவுல போட்டா புள்ளைக்கு ஒண்ணும் செய்யாது. நீங்க குடுத்த கோடீன் வேற ஜாதி, அபின் வகை. சில தாய்மாருங்க உடம்பு அதை ரொம்ப வேகமா இன்னும் வீரியமான மருந்தா மாத்திடும். அது பால் வழியா போயி, புள்ளையோட மூச்சையே மட்டுப்படுத்திடும். ஆஸ்பிரினும் இப்போ வேண்டாம். பாதுகாப்பான மாத்திரைய பயந்து நிறுத்துனீங்க, ஆபத்தானத நம்பிக் குடுத்தீங்க. அதாம்மா நடந்தது." பிறகு கொஞ்சம் குரலைத் தணித்தார். "நீங்க செஞ்சது பெரிய தப்பு. ஆனா அதை அந்த நிமிஷமே சொன்னீங்க பாருங்க, பல வீட்டுல அது நடக்காது. நாங்க இருட்டுல தேடிக்கிட்டிருப்போம்."

வலி அடங்கிய கண்டக்டர் தலையணையை மடியில் வைத்து, அதன்மேல் குழந்தையைக் கிடத்தி, தோளைத் தளர்த்திப் பால் கொடுத்தாள். குழந்தை சத்தம் வர உறிஞ்சியது. தையல்காரம்மா அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வெளியே போய்விட்டு வந்த தம்பி, அவள் பக்கத்தில் ஒரு டம்ளர் காபியை வைத்துவிட்டுப் போனான்.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில், பிரசவ வார்டில் தலைமை நர்ஸ் தாய்மார்களையும் கூட வந்தவர்களையும் கூட்டி வைத்து மருந்துகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதிப் பேர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவோரம் நின்று கேட்ட தையல்காரம்மா திடீரென்று உள்ளே போனாள்.

"சிஸ்டர், நான் ரெண்டு வார்த்தை பேசலாமா?" நர்ஸ் தலையாட்டியதும் எல்லோரையும் பார்த்தாள். "நான் டாக்டரும் இல்ல, நர்ஸும் இல்ல. சட்டை தைக்கிறவ. என் தம்பி பொண்டாட்டிக்குப் பிரியத்துலதான் மாத்திரை குடுத்தேன். அந்தப் பிரியம் எங்க வீட்டுப் புள்ளைய மூச்சுக்குத் திண்டாட வச்சிடுச்சு. பால் குடுக்கிறவ வலியத் தாங்கித்தான் ஆகணும்னு எந்தச் சட்டமும் இல்ல. வலிக்கு மாத்திரை உண்டு, போடலாம். ஆனா டாக்டர் அவளுக்குன்னு எழுதினதத்தான் போடணும். எனக்கு எழுதினது எனக்கு, அவளுக்கு எழுதினது அவளுக்கு. மாத்திரை போட்ட பிறகு புள்ள வழக்கத்துக்கு மேல தூங்கினாலோ, பால் குடிக்கலைன்னாலோ, மூச்சு சரியில்லைன்னாலோ, யோசிக்காம தூக்கிட்டு ஓடி வாங்க. என்ன குடுத்தோம்ங்கறத மறைக்காம சொல்லுங்க. நம்ம மானம் போனாத் திரும்பி வரும்."

செல்போன்கள் மடிக்குப் போயிருந்தன. மூலைக் கட்டிலில் மகளுக்குத் துணையாக உட்கார்ந்திருந்த ஒரு பெண், முந்தானை முடிச்சை மெல்ல அவிழ்த்து, ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"அப்போ இதைக் குடுக்கலாமாம்மா? தலைவலிக்கு என் மூத்த மருமக போடுறது."

தையல்காரம்மா அந்த மாத்திரையைப் பார்த்தாள். அதன் நிறமும் தெரிந்ததுதான், பெயரும் தெரிந்ததுதான்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றாள். "வாங்க, டாக்டர்கிட்டயே கேட்டுட்டு வந்துடுவோம்."