நிதானத்துக்கு ரெண்டு

சுந்தரேஷுக்கு உதடு கிழிந்து சட்டைக் காலரில் ரத்தம் வழிந்திருந்தது. ஆனாலும் கோயிலுக்குப் போய்வந்தவன் மாதிரி படியேறி வந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான்.

"கீழ்வீட்டுக்காரன் நம்ம கார் பின்னாடி அவன் வண்டியை நிறுத்திட்டான். எடுங்கன்னேன், அறைஞ்சான். ரெண்டு தடவை. விடு சுபா. பதினோரு மணிக்கு மஞ்சு மேடம் வராங்க. இன்னிக்குப் போய் ஜக்டா, சண்டையெல்லாம் எதுக்கு?"

சுபாஷிணி ஈரத்துணியால் அவன் உதட்டை ஒற்றினாள். மஞ்சு மேடம் தத்துக் கொடுக்கும் நிறுவனத்திலிருந்து வீடு பார்க்க வருகிறவர். மூன்று வருடம் காத்திருந்து கிடைத்த நாள். போலீஸ், கேஸ் என்று ஏதாவது வந்தால் குழந்தை கிடையாது. அந்தக் குழந்தைக்காகத்தான் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நாளில் சிகரெட்டை விட்டு, டாக்டர் எழுதிக்கொடுத்த நிகோடின் சூயிங்கத்தை மென்றுகொண்டிருந்தார்கள்.

அங்கேதான் வம்பு. சூயிங்கம் போட்டால் சுந்தரேஷ் சாதுவான பசு, எதையும் பத்துத் தடவை யோசிப்பான். அவளோ பத்து வருடம் வங்கிக் கவுன்ட்டரில் எவன் கத்தினாலும் சிரித்தவள். இந்த ஆறு வாரத்தில் மேலதிகாரியின் மெயிலைப் பாதி படித்து எல்லோருக்கும் போகும்படி பதில் போட்டாள். கத்தரிக்காயில் புழு என்று கூடையோடு பால்கனியிலிருந்து கவிழ்த்தாள். நிகோடின் அவசர புத்தியை ஆணிடம் ஒருவிதமாகவும் பெண்ணிடம் வேறுவிதமாகவும் தொடக்கூடும், ஆராய்ச்சியில் இன்னும் முடிவாகவில்லை, கவனித்துச் சொல்லுங்கள் என்று டாக்டரம்மா முதல்நாளே சொல்லியிருந்தார். சுபாஷிணி கவனித்தாள். புருஷனிடம் சொன்னாள். "எனக்கு நல்லாத்தானே இருக்கு, உனக்கும் அதே மருந்துதானே?" என்று முடித்துவிட்டான். மகா புத்திசாலி.

இப்போதும் அட்டையிலிருந்து பிதுக்கி அவள் உள்ளங்கையில் வைத்தான். "ரெண்டாப் போடு. நிதானம் வரும்."

வரவில்லை. பத்து நிமிடத்தில் காது மடல் சூடேறியது. கீழே அந்த ஆள் மதராஸியை அறைந்த கதையைப் போனில் யாரிடமோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. எப்போது படியிறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

டெல்லி ஜனக்புரியில் வண்டி நிறுத்த இடம் பிடித்து வைக்கச் செங்கல் அடுக்குவார்கள். அதில் ஒன்று அவள் கைக்கு வந்தது. முதல் அடியில் அவன் வண்டியின் முன்கண்ணாடி நொறுங்கியது. "பாகல் ஹை க்யா!" பைத்தியமா என்று கத்திக்கொண்டு பாய்ந்து வந்தவன் அவள் கூந்தலைப் பிடித்து முகத்தைக் கார்க்கதவில் மோதினான். பல் ஒன்று ஆடியது. மறுபடி மோதுவதற்குள் அவள் திரும்பி அவன் காதுக்கு மேலே செங்கல்லை இறக்கினாள். அவன் முழங்கால் மடங்கிச் சரிந்த பிறகும் நிறுத்தவில்லை. தோளில் ஒன்று, தலையில் இன்னொன்று. மண்டை பிளந்து ரத்தம் அவள் புறங்கையில் தெறித்தபோதுதான் கை நின்றது.

ஐயோ என்று உட்கார்ந்து துப்பட்டாவைச் சுருட்டிக் காயத்தில் அழுத்தினாள். "சுந்தர், ஆம்புலன்ஸ்! ஜல்தி!"

சுந்தரேஷ் இறங்கி வந்தான். சட்டை மாற்றியிருந்தான். குனிந்து பார்த்தான், கடிகாரத்தையும் பார்த்தான். "பண்றேன். முதல்ல மேடத்தை அனுப்பிடலாம்."

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. இதுவரை போனில் மட்டுமே பேசியிருந்த மஞ்சு மேடம் ஃபைலோடு இறங்கினார். ரத்தத்தைப் பார்த்து ஓரடி பின்வாங்கி, சுபாஷிணி வீடு எது என்று இந்தியில் கேட்டார்.

சுந்தரேஷ் கைகூப்பினான். அவர்கள் ஊருக்குப் போயிருக்கிறார்கள், அடுத்த வாரம் வாருங்கள் என்றான். குரலில் துளி நடுக்கமில்லை.

அவர் தலையாட்டித் திரும்பினார். அவ்வளவுதான். சுபாஷிணி வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், குழந்தை அவர்களுடையது. துணியைத் தாண்டி ரத்தம் அவள் விரலிடுக்கில் சூடாக வந்தது.

"நான்தான் சுபாஷிணி!" என்று இந்தியில் கத்தினாள். "நான்தான் அடிச்சேன். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க, இவர் கூப்பிட மாட்டேங்கறார்!"

மஞ்சு மேடம் போனை எடுத்தார்.

சுந்தரேஷ் அவளருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கக் கூடாதா சுபா?" கோபமே இல்லாமல்தான் கேட்டான்.

"யோசிச்சிருந்தா உன்னை மாதிரி ஆயிருப்பேன்" என்றாள். அழுதுகொண்டே இன்னும் பலமாக அழுத்திப் பிடித்தாள்.