மறு ஒளிபரப்பு

காலை ஒளிபரப்பைக் கோட்டை விட்டோம். டிவியில் படம் பளிச்சென்று ஓடியது. என் தம்பி நிரோஷனின் லெப்டொப்பில் பதிவானதோ வெறும் கறுப்பு.

"செட்டப் பொக்ஸ்ல இப்பிடித்தான்கா. ரெக்கோட் பண்ண விட மாட்டானுங்க. விட்டுருங்க," என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எப்படி விடுவது? அண்ணன் கிரிஷாந்தன் பதுளை ஜெயிலில் கிடக்கிறான். சம்பளப் போராட்டத்தன்று தோட்டத்துக் கந்தோர் கண்ணாடியை உடைத்து, உள்ளே கணக்கு எழுதிக்கொண்டிருந்த கிளாக்கரின் மண்டையையும் பிளந்த கல்லை அவன்தான் எறிந்தானாம். நாளைக்கு வழக்கு. ஆனால் கல் பறந்த அந்த நேரத்தில், விழுந்து கிடந்த ஒரு பொம்பளையை அவன் தூக்கிக்கொண்டிருந்தான். டிவிக்காரர்கள் எடுத்த படத்தில் அது இருக்கிறது. நேற்று முதல் தடவை போட்டபோதே அண்ணி மேனுஷா பார்த்துவிட்டு, திரையைப் போனில் பிடித்தாள். முகம் வெறும் வெளிச்சமாகத்தான் விழுந்தது. தெளிவான படம் வேண்டும் என்று லோயர் சொல்லிவிட்டார். மத்தியானம் இன்னொரு தடவை போடுவார்கள், அதோடு சரி.

அண்ணி தெமோதரையில் பஸ் ஏறினாள். பதுளையில் ஜஸீல் நானாவின் டிவி ரிப்பேர்க் கடையிலிருந்து, டிவிப் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் விரல் நீளக் கருவி ஒன்றோடு திரும்பி வந்தாள்.

"புது வயர்ல பூட்டுப் போட்டுத்தான் படத்த அனுப்புறாங்களாம். பொக்ஸுக்குப் பின்னால பழைய மூணு ஓட்டை இருக்குல்ல, மஞ்சள், செவப்பு, வெள்ளை, அதுலேருந்து எடுத்தா வருமாம். நானா சொன்னாரு."

நிரோஷன் மஞ்சளை வெள்ளையில் குத்தினான், வெள்ளையை மஞ்சளில். போன் கடையில் வேலை பார்க்கிறவனாம்! நானே பிடுங்கிச் சரியாகக் குத்தினேன்.

"என்னடா ஆச்சு ஒனக்கு?"

"ஒன்னுமில்லக்கா."

நிகழ்ச்சி தொடங்கியபோது வெளியே மழை பிடித்துக்கொண்டது. டிவியில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. கரண்டாவது போகாமல் இருக்கட்டும் என்று தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். படம் தெளிந்தது. அண்ணன் வந்தான், முழு முகத்தோடு.

"பதிவாகிருச்சு!" என்று கத்தினேன். அண்ணி அழுதேவிட்டாள்.

"நிப்பாட்டிக் காட்டுங்க தம்பி," என்றாள்.

அவன் அசையவில்லை. அண்ணியே கையை நீட்டி நிறுத்தினாள். டிவியில் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிப்போனது, கம்ப்யூட்டரில் அப்படியே நின்றது. நடுவில் அண்ணன், இரண்டு கையாலும் அந்தப் பொம்பளையைத் தாங்கியபடி. அவனுக்குப் பின்னால் நிரோஷன், ஓங்கிய கையில் கல்லோடு.

நான் நிரோஷன் பக்கம் திரும்பினேன்.

"அண்ணனுக்குத் தெரியும்கா," என்றான் குனிந்தபடி. "வாயத் தெறக்காத, நான் பாத்துக்கிறேன்னு அண்ணன்தான் சொல்லுச்சு."

அழிக்கும் பொத்தானுக்கு மேல் அவன் விரல் நின்றது. அழித்துத் தொலையேன் என்று ஒரு கணம் நினைத்தேன். அம்மா போன பிறகு நான் சோறூட்டி வளர்த்த பிள்ளை அவன். அண்ணி அவனைத் தடுக்கவும் இல்லை, ஏசவும் இல்லை.

"ஒங்க அண்ணன் சொல்லியிருக்கலாம் தம்பி," என்றாள். "நான் சொல்லலையே."

அவன் விரலை எடுத்தான். பிறகு பென் டிரைவைக் குத்தி, படத்தை அதில் ஏற்றினான்.

"லோயர்கிட்ட நானே கொண்டு போறேன்," என்று எழுந்தான்.

மழை விடவில்லை. பென் டிரைவைப் பொலித்தீன் பையில் இறுக்கிச் சுற்றி, அவன் சட்டைப் பையில் நானே வைத்தேன். அது நனைந்துவிடக் கூடாதே என்று எனக்குப் பயமாக இருந்தது.