நடுவில் ஆளில்லாத கணக்கு

1

இந்தக் கதை ஒரு கணக்கிலிருந்து வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கரு எங்கே கிடைத்தது என்று பிறகு யாரும் என்னைக் குடைய வேண்டாம். பாடநூல் எழுதுவது என் பிழைப்பு, கதை எழுதுவது என் வியாதி. மோதல்கள் பற்றிய பாடத்தின் கடைசியில் இப்படி ஒரு கணக்குப் போட்டிருந்தேன்:

இருபது டன் எடையுள்ள சரக்கு ரயில் பெட்டி ஒன்று, நொடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் வந்து, சும்மா நிற்கும் அறுபது டன் பெட்டியில் மோதி, கொக்கி மாட்டிக்கொள்கிறது. பிறகு இரண்டும் சேர்ந்து என்ன வேகத்தில் நகரும்?

விடை, அரை மீட்டர். உந்தம் அழிவதில்லை, ஒன்று இழப்பதை மற்றது வாங்கிக்கொள்கிறது. நிற்கும் பெட்டி காலியாக, அதுவும் இருபது டன்னாக இருந்தால், வேகம் ஒரு மீட்டராகிவிடும். [அதை (ஆ) பிரிவில் கேட்டிருந்தேன். ஒரு மதிப்பெண்.]

அச்சகத்தில் என் கையெழுத்தைப் பார்த்துக் கணினியில் அடிப்பவர் ஒரு பெண். என் கோழிக்கிறுக்கலைப் படிக்கத் தெரிந்த ஒரே ஜீவன். "இது ஆறா எட்டா சார்" என்பதற்கு மேல் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. அன்று அந்தக் கணக்கின்மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

"நடுவுல யாரும் இல்லையா சார்?"

"நடுவுல யாரும்மா? இது கணக்கு."

"பெட்டிக்கும் அந்தக் கடைசித் தடுப்புச் சுவருக்கும் நடுவுல. சக்கரத்துக்குக் கட்டை வைக்க ஒருத்தர் நிப்பாரு. என் வீட்டுக்காரர் அப்படித்தான் போனாரு."

நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த கணக்கை அடிக்கத் தொடங்கிவிட்டார்.

2

முதல் தொடக்கம்: 'தூறல் விழுந்துகொண்டிருந்த அந்தக் காலையில், தனக்கு நேரப்போவதை அறியாமல் அவன்...'

[நிறுத்து. சாகப்போகிறவன் தலையில் தூறல் போடாமல் உனக்கு எழுதவே வராதா? ஆனால் அன்று நிஜமாகவே தூறல். அது இல்லாவிட்டால் இந்தக் கதையும் இல்லை. தூறல் இருக்கட்டும், 'அறியாமல்' போகட்டும்.]

இரண்டாவது தொடக்கம், வேலையிலிருந்து. அவர் கணவர் வேலை பார்த்த ரயில் யார்டில் ஒரு பழக்கம் உண்டு. சரக்கு ஏற்றிய பெட்டிக்குக் கதவு சாத்தியிருக்கும். காலிப் பெட்டிக்குத் திறந்தே கிடக்கும். இன்ஜின் ஓட்டுபவர் தூரத்திலிருந்தே கதவைப் பார்த்துக்கொள்வார். சரக்குப் பெட்டி என்றால் ஓங்கித் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் கொக்கி விழாது. அது அதிகம் நகராது என்பதால் பின்னால் யாரும் நிற்கவும் மாட்டார்கள். காலி என்றால் பூப்போலத் தள்ள வேண்டும். உருண்டு ஓடாமலிருக்க ஒருவர் பின்னால் குனிந்து சக்கரத்துக்குக் கட்டை வைப்பார். பின்னால் போகுமுன்பே அவர் முன்னால் நின்று இன்ஜினுக்குக் கை காட்டிவிடுவார். அந்தக் கைக்கு 'வா' என்று மட்டும்தான் அர்த்தம். 'மெல்ல வா' என்பதைத் திறந்த கதவு சொல்லிக்கொள்ளும்.

[பாடநூல் வாடை அடிக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், இது புரியாமல் மேலே போக முடியாது.]

3

இன்ஜின் ஓட்டியது அந்தப் பெண்ணின் அண்ணன். இதை அச்சகத்தில் ஒரு மதிய இடைவேளையில் அந்தப் பெண்ணே சொன்னார்.

"விசாரணையில 'நான்தான் வேகமா தள்ளிட்டேன்'னு ஒத்துக்கிட்டான் சார். அதுக்கப்புறம் நான் அவன்கூடப் பேசுறதில்ல."

என் வரைவில் அண்ணனைக் குடிகாரனாக்கினேன். பிறகு முன்கோபியாக்கினேன். தங்கை புருஷன்மேல் பழைய பகை என்றுகூட ஒரு பத்தி. எதுவும் நிற்கவில்லை. வேலையிலேயே தலை நரைத்த மனிதன், காலிப் பெட்டியை ஏன் ஓங்கித் தள்ளுகிறான்? பாத்திரம் பொய் சொல்கிறது என்று பட்டது. நேரில் பார்க்கப் போனேன்.

அண்ணன் இப்போது ஒரு கிடங்கில் கேட் திறந்து மூடுகிறார். எனக்குத் தன் ஸ்டூலைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே பேசினார்.

"கதவு சாத்தியிருந்துச்சு சார். லோடுன்னு நெனச்சேன். மாப்பிள்ளை முன்னாடி நின்னு கை காட்டினாரு, நானும் ஓங்கித் தள்ளிட்டேன். அவரு பின்னாடி போயிருப்பாருன்னு கனவா கண்டேன்?"

"காலிப் பெட்டிக்கு யார் கதவைச் சாத்தினது?"

கேட்டின் தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

"மாப்பிள்ளைதான். தூறல் பாருங்க. அடுத்து ஏத்த வேண்டியது மாவு மூட்டை. தரை நனைஞ்சா ஏத்த விடமாட்டாங்க. சாத்தினவரு எங்கிட்ட ஒரு குரல் குடுக்க மறந்துட்டாரு."

"விசாரணையில சொல்லலையா?"

"சொன்னா செத்தவர் மேலயே தப்பை எழுதி முடிச்சிடுவாங்க. தானே தேடிக்கிட்டான்னு என் தங்கச்சி காதுல விழணுமா? என்னைத் திட்டிக்கிட்டே இருக்கட்டும். நீங்களும் சொல்லிடாதீங்க."

சொல்லமாட்டேன் என்றேன். கிளம்பும்போது கேட்டார்: "நல்லா இருக்காளா? அப்பப்ப அவ வீட்டு வாசல் வரைக்கும் போவேன் சார். செருப்பு கிடக்கும். உள்ள இருக்கான்னு தெரிஞ்சுக்கிட்டுத் திரும்பிடுவேன்."



4

முடிவுகள்.

(அ) தங்கைக்குத் தெரியாமலே போகிறது. அண்ணன் கேட்டருகே கிழவராகிறார். எல்லாருக்கும் பாதுகாப்பான முடிவு, எனக்கு உட்பட.

(ஆ) தங்கைக்குத் தெரிகிறது. ஓடிப்போய் அண்ணனைக் கட்டிக்கொண்டு... [பல தடவை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அழுகை நன்றாகவே வந்தது. அதனால்தான் நம்பவில்லை.]

(இ) தெரிகிறது. அண்ணன்மேல் இருந்த கோபம் கரைவதில்லை, இடம் மாறுகிறது. இனி அது சுவரில் மாட்டியிருக்கும் புருஷன் படத்தின்மேல். திருப்பித் திட்டக்கூட ஆளில்லாத இடம்.

இந்த மூன்றில் எதை வைப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது ஒன்று உறைத்தது. என் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். இந்தக் கதையையும் அவர்தான் அடித்தாக வேண்டும். வாயால் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத் தாளில் சொல்வதற்குக் கோழைத்தனம் என்று பெயர். தெரிந்தேதான் செய்தேன். அவர் சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்துத் தாள்களை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

5

அடித்து வந்தது. ஒரு பிழை இல்லை. மூன்றாம் பகுதியின் கீழே நான் எழுதாத ஓர் அடைப்புக்குறி இருந்தது. அதை இங்கே கொண்டுவந்து வைக்கிறேன்.

[சார், ஒரு இடம் மட்டும் தப்பு. கதவைச் சாத்தினது அவர் தானா யோசிச்சு இல்ல. தூறல் விழுந்ததும் நான்தான் போன் பண்ணினேன். கதவைச் சாத்துங்க, போன தடவை தரை நனைஞ்சு வாங்கின திட்டு பத்தாதான்னு கேட்டேன். காலிப் பெட்டி, திறந்துதான் இருக்கணும்னு சொன்னாரு. நான் விடல. சாத்திட்டேன்னு சொன்ன பிறகுதான் போனை வச்சேன். அண்ணன்மேல எனக்குக் கோபம் இல்ல. அவன் முகத்தைப் பார்த்தா இதைச் சொல்ல வேண்டி வரும், அதான் பேசுறதில்ல. அவனுக்குத் தெரிய வேண்டாம். கதையில வைக்கிறதும் எடுக்கிறதும் உங்க இஷ்டம்.]

மறுநாள் அச்சகத்துக்குப் போனேன். ஏதோ கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தார். அடுத்த பாடத்தின் தாள்களை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

எனவே முடிவு என்னிடம் இல்லை. அண்ணன் கதை படிக்கிறவர் அல்ல. யாராவது போய்ச் சொன்னால்தான் உண்டு. சொன்னால் அவர் தலையிலிருந்து இறங்குவதெல்லாம் துளியும் குறையாமல் தங்கை தலையில் ஏறும். சொல்லாவிட்டால் அவர் செருப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருப்பார், தங்கை உள்ளே உட்கார்ந்திருப்பார்.

நடுவில் யாரும் இல்லையா என்று அன்று அச்சகத்தில் அந்தப் பெண் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நான் இருக்கிறேன். இவ்வளவு தூரம் படித்துவிட்டதால், நீங்களும் இருக்கிறீர்கள்.