பொன்னிறக் கூந்தல் யாருக்கு?

இத்தாலியின் லூக்கா நகரில் உள்ள கவிமன்றத்தில் வாசிக்கப்படும் காதல் பாட்டுகளை ஏட்டில் படியெடுப்பது என் வேலை. தேவாலயத்தில் காலைப் பூசை வைத்து முடித்ததும் அதற்குத்தான் உட்காருவேன். எல்லாமே பதினான்கு வரிப் பாட்டுகள். எட்டு வரிகளில் காதலியைப் புகழ்வார்கள். ஒன்பதாவது வரியில் பாட்டு வேறு பக்கம் திரும்பும்.

தன் கணவனின் பாட்டில் அந்தத் திருப்பம் வருவதற்குள் ஜினெவ்ரா எழுந்து போய்விட்டாள். மருந்துக்கடை பர்த்தொலோவின் மனைவி அவள். கூந்தல் கன்னங்கரேலென்று இருக்கும். கணவன் முதன்முதலாக மன்றத்தில் வாசித்த பாட்டிலோ காதலியின் கூந்தல் பொன்னாக மின்னியது. மறுநாளே துணிப்பெட்டியோடு அண்ணன் நீக்கோலோவின் வீட்டுக்குப் போனவள், மூன்று வாரமாகியும் திரும்பவில்லை.

பர்த்தொலோ என்னைத் தேடி வந்தான். கன்னம் ஒட்டியிருந்தது.

"கருப்புன்னு எழுதினா மன்றத்துல சிரிப்பாங்களேன்னு பயந்துட்டேன், சாமி. ஊர்ல பொன்னுன்னுதானே எல்லாரும் எழுதறாங்க? அவ கதவையே திறக்க மாட்டேங்குறா. ஞாயித்துக்கிழமை கன்னியர் மடத்துல போய்த் தங்கிடப் போறாளாம்."

கண்டிக்கத்தான் வாயெடுத்தேன். ஆனால் அவன் சாப்பிட்டிருக்கவில்லை என்று தெரிந்தது. ரொட்டியும் சூப்பும் வைத்துவிட்டு, ஏட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினேன்.

நீக்கோலோவின் வீட்டு முற்றத்தில் ஜினெவ்ராவும் அவள் அண்ணி தெஸ்ஸாவும் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அவருக்குத் தூது வந்தீங்களா, சாமி?"

"இல்லம்மா. நாலு பாட்டை ஒப்பிட்டுப் பாக்கணும். கண்ணு மங்குது. நீ படிச்சுச் சொல்லேன்."

கண் அவ்வளவு மங்கவில்லை. கடவுள் மன்னிப்பார்.

முதல் பாட்டு தையற்காரர் தன் மனைவிக்கு எழுதியது. கூந்தல் பொன், பல் முத்து, கண்கள் இரு சூரியன்கள்; காதலனோ நெருப்பிலும் பனியிலும் ஒரே நேரத்தில் தவிக்கிறான்.

"முத்தா? அவளுக்கு முன்பல்லே கிடையாதே!" என்றாள் தெஸ்ஸா.

இரண்டாவது, நீதிபதியின் பாட்டு. மறுபடியும் பொன், முத்து, சூரியன்கள். இவர் தவிக்கவில்லை, புயலில் சிக்கிய படகாக அலைந்தார். அவர் மனைவிக்குத் தலை முழுக்க நரை. ஜினெவ்ராவின் உதட்டோரம் லேசாகத் துடித்தது.

மூன்றாவதிலும் அதே பொன்.

"இது யாரு எழுதினது, சாமி?"

"உங்க அண்ணன். தெஸ்ஸாவுக்கு."

தெஸ்ஸா தலைத்துணியை உருவினாள். காக்கைச் சிறகு போன்ற கூந்தல் தோளில் விழுந்தது.

"இதுல எங்கய்யா பொன்னு? இத்தனை வருஷமா இந்தப் பாட்டை எங்கிட்ட காட்டவே இல்லியே, பாவி மனுஷா!"

"எல்லாரும் அப்படித்தாண்டி எழுதுவாங்க!" என்று உள்ளிருந்து நீக்கோலோ கத்தினான். "எழுதலேன்னா பாட்டுன்னே ஒத்துக்க மாட்டாங்க!"

ஜினெவ்ரா சிரித்துவிட்டாள். பிறகு நான்காவது பாட்டைப் பார்த்ததும் முகம் இறுகியது. கணவனின் எட்டு வரிகளையும் வேகமாக வாசித்தாள்.

"பொன்னு, முத்து, சூரியன். மூணு பேர் எழுதினதேதான்."

"மீதி அடுத்த பக்கத்துல இருக்கும்மா."

அவள் பக்கத்தைப் புரட்டினாள். மெதுவாகப் படித்தாள். கடைசி மூன்று வரிகளை மட்டும் வாய்விட்டுச் சொன்னாள்:

"என் இருமலுக்குப் பாகு கிளறிய கையில்
தீ வைத்துப்போனது ஒரு வடு;
எத்தனை சூரியன் இருந்தென்ன, அதுவே என் வெளிச்சம்."

அவளுடைய இடது கை அவரைக்காய்த் தோல்களுக்குள் ஒளிந்துகொண்டது. மணிக்கட்டிலிருந்து சுண்டுவிரல் வரை நீளும் அந்தத் தழும்பை ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

"இது வேற யாரு பாட்டுலயும் இல்லையா, சாமி?"

"ஏடு முழுக்கத் தேடிட்டேம்மா. இல்லை."

அவள் எழுந்து பாவாடையில் கையைத் துடைத்தாள்.

"மதினி, என் பெட்டி எங்க?"



ஞாயிற்றுக்கிழமை பூசையில் இருவரும் ஒரே பெஞ்சில் இருந்தார்கள். அடுத்து மன்றம் கூடியபோது பர்த்தொலோ பாட்டைத் திருத்தி வாசித்தான். பொன் இருந்த இடத்தில் கருப்பு. ஓசை நொண்டியது, பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பர்த்தொலோ நிறுத்தி, ஜினெவ்ராவைப் பார்த்துத் தானும் சிரித்துவிட்டு, அந்த வரியை இன்னொரு முறை உரக்க வாசித்தான்.

நொண்டிய ஓசையோடே அதை ஏட்டில் ஏற்றினேன்.